எண்ணெய்ச் சட்டியை யார் வைப்பது?
பலேர்மோவில் ஒரு கலியாணப் பலகாரச் சூடு பற்றி

கடந்த வருடம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். பலேர்மோ நகரின் பழைய பகுதியில், பல்லரோ சந்தையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றிலுள்ள வீட்டில் பலகாரச் சூடு. கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள். பெண்கள் பதினொரு பேர், ஆண்கள் நாங்கள் நால்வர். பயறு வறுத்து அரைத்தாயிற்று. அரிசி ஊறி வடித்து ஈரம் துவட்டியாயிற்று. வழக்கம்போல எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு, நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்று அழைக்கும் ஒருவர் எழுந்தார். இந்த நகரில் நடந்த எங்கள் கலியாணங்களில் எனக்குத் தெரிய முக்கால்வாசிக்கு அவர்தான் எண்ணெய் வைத்தவர். என் மகளின் கலியாணத்துக்கும் அவர்தான்.

அன்று, மணமகளின் பெரிய மாமி ஒருவர் லண்டனிலிருந்து முன்கூட்டியே வந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஆர் அவ? எந்த இடம்?"

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. இது பூகோளம் பற்றிய கேள்வி அல்ல என்பது எமக்குத் தெரியும். பதில் காதோடு காதாகச் சொல்லப்பட்டது. சற்று நேரத்தில் பெரிய மாமி எழுந்து வந்து, மிகவும் மரியாதையாகவே சொன்னார்:

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. சுபகாரியம். முதல் எண்ணெயை ஒரு சுமங்கலி வைச்சால் நல்லதெண்டு நினைக்கிறன். நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உந்த வெங்காயத்தை உரிச்சுத் தாங்கோவன்."

அக்கா யுத்தத்தில் கணவரை இழந்தவர். இது அங்கிருந்த எல்லோருக்கும் எத்தனையோ வருடங்களாகத் தெரிந்த விடயம். இதுவரை ஒருவரும் அதை எண்ணெய்ச் சட்டியோடு தொடர்புபடுத்தியதில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் வெங்காயப் பையை எடுத்துக்கொண்டு மூலையில் போய் இருந்தார். நான் அரிதட்டுடன் மாவரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மாவரித்தேன்.

ஊரில் இருந்த காலத்தில் சாதியொழிப்புப் பற்றி வாசகசாலையில் மணிக்கணக்காகப் பேசியவன் நான். இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பலரும் என்னைப் போன்றவர்களே. அன்று ஏன் எனக்கு வாய் திறக்க முடியவில்லை என்று யோசித்தபோது, பலகாரச் சூடு என்கிற இந்த ஏற்பாட்டையே முதலில் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நாம் அதை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறோம். அது எப்படி இயங்கியது என்று பார்த்ததில்லை.

பலகாரமும் பல கைகளும்

கடைகளில் பலகாரத்தைப் பெட்டியாக வாங்கி வளர்ந்த இளையவர்களுக்காக அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். யாழ்ப்பாணத்து ஊர்களில் கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்பே பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் நல்ல நாள் பார்த்து எண்ணெய் வைப்பார்கள். அன்று இனசனமும் அயலும் கூடும். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, சிப்பி, பால்றொட்டி என்பன சுடப்படும். கலியாணத்துக்கு முதல் நாள் இரவு வேறொரு கூட்டம் கூடும். அது பெரும்பாலும் ஆண்களுடையது. பூசணிக்காய், கத்தரிக்காய், வாழைக்காய் வெட்டுவதும், தேங்காய் திருவுவதும், கிடாரங்களை அடுப்பேற்றுவதும் அவர்கள் வேலை. ஆக, கலியாணச் சமையல் இரண்டு கூட்டுகளால் நடந்தது: முந்தியது பலகாரத்துக்கு, பிந்தியது சோறு கறிக்கு.

இவ்வளவு பேர் ஏன் கூட வேண்டும்? உறவின் நெருக்கம் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் பலகாரத்தின் செய்முறையிலேயே இருக்கிறது. பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். வறுத்து அரைத்த பயற்றம் மாவோடு தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலம் சேர்த்து, காய்ச்சிய சர்க்கரைப் பாகை ஊற்றிக் குழைப்பார்கள். பாகு சூடாக இருக்கும்வரைதான் மா கைக்கு இணங்கும். ஆறினால் இறுகி உதிரும். ஒருவர் தனியாக ஐந்நூறு உருண்டை பிடிக்க முடியாது; இருபதாவது உருண்டைக்குள் பாகு ஆறிவிடும். எனவே ஆறேழு பேர் சுற்றியிருந்து, கை சுடச்சுட ஒரே வேகத்தில் பிடிக்க வேண்டும். பிடித்த உருண்டைகளைக் கரைத்த மாவில் தோய்த்துக் கொடுக்க ஒருவர், சட்டிக்குள் விட ஒருவர், வடித்தெடுக்க ஒருவர்.

அரியதரத்துக்கு ஈர அரிசி மா வேண்டும். ஊறிய அரிசியை ஈரம் காய முன்னர் இடித்து அரித்துவிட வேண்டும். உரலில் இரண்டு பேர் மாறிமாறி உலக்கை போட, பக்கத்தில் அரிதட்டோடு ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும். சிப்பிக்கு ஒவ்வொரு சிறு மாத்துண்டையும் புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். அதற்குப் பிள்ளைகளின் விரல்கள். முறுக்கு உரலைப் பிழிய நல்ல கைப்பலம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில், இரண்டு மூன்று கிழமை கெடாமல் இருக்கக்கூடிய, வீடு வீடாகக் கொடுத்தனுப்பக்கூடிய உணவு பலகாரம். அதைக் குறுகிய நேரத்துக்குள் பெருந்தொகையாகச் செய்தாக வேண்டும். கூலி கொடுத்து அவ்வளவு கைகளைப் பிடிக்க எல்லோரிடமும் பணம் இல்லை. எனவே இன்று நீ என் வீட்டுக்கு, நாளை நான் உன் வீட்டுக்கு. யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆனால் யாரும் மறப்பதுமில்லை. "அவளின்ரை கலியாணத்துக்கு நான் மூன்று நாள் நெருப்புக்கை நிண்டனான்" என்று என் தாயார் இருபது வருடத்துக்குப் பிறகும் சொல்லுவார். மொய் எழுதும் கொப்பி ஆண்களின் கையில் இருந்தது. பெண்களின் உழைப்புக் கணக்கோ நினைவில் மட்டுமே இருந்தது. முதல் நாள் இரவு கறிக்குத் தலைமை தாங்கியவர் ஊரில் 'சமையல்காரர்' என்று பெயர் எடுத்தார். நாலு நாள் பலகாரம் சுட்ட பெண்களுக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை.

குசினிக்குள் யார்

இதுவரை சொன்னதைக் கேட்டால் அழகான கூட்டுறவு போலத் தெரியும். எம்மவர்கள் மேடைகளில் பேசும் 'ஊர் ஒற்றுமை' இதுதான். ஆனால் அந்த 'ஊர்' யார் என்பதை அடுப்படியே தீர்மானித்தது.

ஊர்க் கலியாணவீட்டில் ஒவ்வொருவருக்கும் எதுவரை வரலாம் என்பது சொல்லாமலே தெரிந்திருந்தது. சிலர் குசினிக்குள். சிலர் குசினிக்கு வெளியே பத்தியில். சிலர் முற்றத்தில், விறகு கொத்தவும் கிடாரம் கழுவவும். சிலர் வேலிக்கு அப்பால், பந்தி முடிந்த பிறகு பாத்திரத்தோடு. வெள்ளை கட்டுவதற்கும் மேளத்துக்கும் முகச்சவரத்துக்கும் உரிய குடிமைகள் இல்லாமல் கலியாணம் நடவாது; ஆனால் அவர்களின் கை மாவில் படக்கூடாது. நெல்லைக் குத்திக் கொடுத்தவளின் கை பட்ட அரிசி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே கை சோறாக்கினால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பச்சை அரிசிக்கும் வெந்த சோற்றுக்கும் இடையில் சாதி நின்றது.

வட இந்தியச் சமூகத்தை ஆராய்ந்த மானிடவியலாளர்கள் 'பக்கா', 'கச்சா' என்ற பாகுபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார்கள். நெய்யில் பொரித்த உணவு சாதி எல்லைகளை ஓரளவு தாண்டிச் செல்லும், நீரில் அவித்த உணவு தாண்டாது என்பது அதன் சாரம். எமது ஊரிலும் இதற்கு நெருக்கமான ஒன்றை நான் கண்டிருக்கிறேன். பலகாரத் தட்டம் தூரத்து வீடுகளுக்கும் போகும். சோற்றுப் பந்திக்கு அதே வீட்டார் அழைக்கப்படமாட்டார்கள். பலகாரம் நெடுந்தூரம் பயணம் செய்யும் உணவு என்பதனாலேயே, அதை ஆக்கும் கை யாருடையது என்பதில் கட்டுப்பாடு அதிகம். முதல் எண்ணெய் வைக்கும் உரிமை இந்த ஒழுங்கின் உச்சி. விதவைகளுக்கு அது இல்லை. 'எந்த இடம்' என்று கேட்கப்படுகிறவர்களுக்கு அந்தக் குசினி வாசலே இல்லை.

இந்த ஒழுங்கை யாரும் எதிர்க்காமல் விட்டுவிடவில்லை. 1924இல் மாணவர் அமைப்பாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கம் சமபோசனத்தைத் தன் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் சமாசனம் கொண்டுவரப்பட்டபோது, சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாக்கப்பட்டன. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதற்கே அந்த எதிர்ப்பு! 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைகளில் சிரட்டையும் போத்தலும் போகவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்து ஊர்வலமும், அதைத் தொடர்ந்து சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன.

இவ்வளவும் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதிராக நடந்தவை என்பது கவனத்துக்குரியது. அவை பொது இடங்கள். சட்டமும் ஊர்வலமும் அங்கே போகலாம். குசினி தனி இடம். கலியாணம் சொந்த விடயம். எந்த இயக்கத்தின் ஊர்வலமும் பலகாரச் சூடு நடக்கும் குசினிக்குள் போகவில்லை. அங்கே போயிருக்கக்கூடியவர்கள் அந்த வீட்டு ஆட்கள்தான், அதாவது நாம்தான். நாம் அந்த நேரத்தில் வாசகசாலையில் இருந்தோம்.

வியாழக்கிழமை

இனி பலேர்மோவுக்கு வருகிறேன். எண்பதுகளில் இங்கு வந்தவர்கள் இனசனத்தோடு வரவில்லை. தனித்தனியாக, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் நின்றவர்களாகவும், நின்ற இடத்திலேயே தங்கிவிட்டவர்களாகவும் சேர்ந்தோம். இத்தாலி அன்று ஜெனீவா உடன்படிக்கையை ஐரோப்பாவிலிருந்து வரும் அகதிகளுக்கு மட்டுமே உரியதாக வைத்திருந்தது. 1990இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டம், மார்த்தெல்லி சட்டம் என்று நாங்கள் அழைப்பது, அந்த எல்லையை நீக்கியது. அதற்கு முன் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டவர்களும் 1990இல் பதிந்தவர்களும் பெரும்பாலும் தொழிலாளர் என்ற வகையில்தான் வதிவிட அனுமதி பெற்றார்கள். அகதிகளாக வந்து வீட்டு வேலைக்காரராகப் பதியப்பட்டோம். ஆண்களும் பெண்களுமாக சிஞ்ஞோராக்களின் வீடுகளைத் துடைத்தோம், சட்டைகளுக்கு அழுத்தி போட்டோம், சமைத்தோம்.

இத்தாலியில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஞாயிறும், அதைவிட ஓர் அரை நாளும் ஓய்வு. அந்த அரை நாள் வழக்கமாக வியாழக்கிழமை பிற்பகல். பலேர்மோவில் எங்கள் பலகாரச் சூடுகள் வியாழக்கிழமைகளில் நடந்ததற்குக் காரணம் இதுதான். பஞ்சாங்கம் சொன்ன நாளில் கைகள் கிடைக்காது. ஒரு முறை ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் செவ்வாய் காலை. ஒருவருக்கும் வர முடியவில்லை. வீட்டுக்கார அம்மா விளக்கேற்றி, ஒரு கரண்டி எண்ணெயைச் சிறு சட்டியில் சுடவைத்து இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். உண்மையான எண்ணெய் வியாழன் பிற்பகல் கொதித்தது. மரபு எவ்வளவு வளையும் என்பதை அன்று கண்டேன். வேலை கொடுப்பவரின் நேரசூசிக்கு வளைந்த மரபு, மனிதருக்காக மட்டும் ஏன் வளையாது என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. இப்போது எழுகிறது.

பொருட்களும் அப்படித்தான். ஆரம்ப வருடங்களில் எமக்குத் தெரிந்த கடைகளில் அரிசி மா கிடைக்கவில்லை. இத்தாலியரின் உருண்டை அரிசியை ஊறவைத்து, கோப்பி அரைக்கும் இயந்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தோம். அது ஒட்டும் குணமுள்ள அரிசி. முதல் அரியதரம் சட்டியோடு ஒட்டிக்கொண்டு சிஞ்ஞோராவின் தோசைக்கரண்டிக்கும் வரவில்லை. பயறு, பாரிஸிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வருகிறவர்களின் பைகளில் வந்தது. கடலை மா மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ஏனெனில் பலேர்மோ மக்கள் கடலை மாவைக் காய்ச்சி, பரப்பி, வெட்டி, எண்ணெயில் பொரித்து 'பனெல்லே' என்று பாணுக்குள் வைத்துத் தின்பவர்கள். பல்லரோ சந்தையில் பனெல்லே பொரிக்கிறவரின் சட்டியைப் பார்த்து நின்றபோதுதான், இந்த ஊரில் நாங்கள் அவ்வளவு அந்நியர் இல்லை என்று எனக்கு முதலில் பட்டது. இதே சிசிலித் தீவில், சலேமி என்ற ஊரில், மார்ச் 19ஆம் திகதி சூசையப்பர் திருநாளுக்குப் பெண்கள் நாட்கணக்காகக் கூடியிருந்து பூவும் பறவையுமாகப் பாண் வனைகிறார்கள். பல கைகள் கூடிச் செய்யும் விழா உணவு எமக்கு மட்டும் உரியதல்ல.

முதல் கலியாணம் வந்தபோது எங்களில் யாருக்கும் பலகாரப் பதம் முழுதாகத் தெரியாது. பெண்கள் சிலரே இருந்தார்கள், இளம் வயதினர். ஊரில் தாய்மார் செய்ததைப் பார்த்திருந்தார்கள், கை வைத்ததில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய தாயார் தங்கள் பகுதியில் பலகாரம் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு கிள்ளு மாவை எண்ணெயில் போட்டு, அது அடிக்குப் போய் உடனே மேலே மிதந்து வருகிறதா, அடியில் தங்குகிறதா, போன கையோடு கருகுகிறதா என்று பார்த்து அடுப்பைக் கூட்டிக் குறைப்பார். பாகை இரு விரலுக்கு இடையில் தொட்டு இழுத்து, கம்பி எப்போது அறுகிறது என்று காட்டித் தருவார். இப்படித்தான் அவர் எண்ணெய்ச் சட்டிக்குப் போனார். எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படவில்லை. யாரும் புரட்சி செய்யவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான்; அவ்வளவுதான்.

ஆண்களும் அப்படித்தான் உள்ளே வந்தோம். இத்தாலிய வீடுகளில் கூலிக்குச் சட்டி கழுவியும் வெங்காயம் வெட்டியும் பழகிய கைகளுக்கு, எங்கள் குசினிக்குள் வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை. 'குசினி' என்ற சொல்லையே போர்த்துக்கேயர் விட்டுப்போனார்கள். இத்தாலியில் அது 'குச்சீனா'. எமது ஊரில் ஆண்கள் தாண்டாத அந்த வாசலை இங்கு பிழைப்பு தாண்ட வைத்தது. நான் மாவரிக்கப் பழகியது பலேர்மோவில்தான்.

இந்த இருபத்தைந்து முப்பது வருடங்களில், ஊரில் ஒரு பாயில் இருந்திருக்க முடியாதவர்கள் இங்கு ஒரே தாச்சியைச் சுற்றியிருந்து உருண்டை பிடித்தார்கள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. ஆனால் அதற்கு நாம் பெருமை கொள்ளவும் முடியாது. அது எமது கொள்கையால் வந்ததல்ல, ஆட்பற்றாக்குறையால் வந்தது. தேவையால் வந்த சமத்துவம் தேவை தீர்ந்ததும் போய்விடும். அதுதான் கடந்த வருடம் நடந்தது.

கூட்டு என்பது தானாகவே நல்லதா?

இந்த இடத்தில் கம்போடியாவை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். கம்போடியக் கிராமங்களிலும் கலியாணத்துக்கு முதல் நாள் அயலார் கூடிக் காய்கறி வெட்டிச் சமைக்கும் வழக்கம் உண்டு. எமது ஊருக்கு மிக நெருங்கிய காட்சி. 1975 முதல் 1979 வரை ஆண்ட க்மெர் ரூஜ் ஆட்சி குடும்ப அடுப்புகளைத் தடைசெய்து, எல்லோரையும் பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் உண்ணச் செய்தது. கலியாணங்கள் ஆட்சியின் கட்டளைப்படி பல சோடிகளுக்கு ஒரே நேரத்தில், உறவினரோ சடங்கோ விருந்தோ இல்லாமல் நடந்தன. 2018 நவம்பரில் அந்நாட்டின் விசேட நீதிமன்றம் இக்கட்டாயத் திருமணங்களை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகத் தீர்ப்பளித்தது.

அந்த ஆட்சிக்காலத்துக் கூடத்திலும் எல்லோரும் ஒன்றாகத்தான் உண்டார்கள். சாதாரணக் கிராமத்துக் கலியாண வீட்டிலும் ஒன்றாகத்தான் சமைக்கிறார்கள். முதலாவதில் வராமல் இருக்க உரிமை இல்லை. இரண்டாவதில் அழைக்கவும் வரவும் மறுக்கவும் மனிதருக்கு இடமுண்டு. எமது ஊர்க் குசினியின் குற்றம் இதற்கு நேர்மாறானது: அங்கே வர விரும்பியவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. ஆகவே 'கூட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்க வேண்டியதில்லை. யார் அழைக்கப்படுகிறார்கள், யாருக்கு எந்த வேலை, யார் 'இல்லை' என்று சொல்லலாம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே அதை நல்லது கெட்டது என்று சொல்ல முடியும்.

இரண்டு சுலபமான பதில்கள்

அன்று நடந்ததை நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன.

முதலாவது: "உதுக்குத்தான் சொல்லுறது, பேசாமல் ஓடர் குடுத்திருக்கலாம். பெட்டியிலை வரும். ஆர் சுட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது." இந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. கடைப் பலகாரத்தைத் தின்பவர் சுட்டவரின் 'இடம்' கேட்பதில்லை. காசு சில வேளைகளில் சாதியை விடக் கண்பார்வை குறைந்தது. ஆனால் சுட்டவர் யார் என்று தெரியாமல் இருப்பதும், தெரிந்துகொண்டு சமமாக நடத்துவதும் ஒன்றல்ல. பெட்டிப் பலகாரம் தீர்வு தரவில்லை. கேள்வி எழும் இடத்தையே அகற்றிவிடுகிறது. அகற்றிய பிறகு அந்தக் கேள்வி கலியாணப் பேச்சுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே அது இன்னும் ஆபத்தானது. அத்தோடு, பலகாரச் சூடு போனால் வேறொன்றும் போகிறது. வாரம் முழுவதும் பிறர் வீட்டில் தனியே வேலை செய்யும் பெண்கள், கணவர்மாரின் முன்னிலையில் பேசாதவற்றைப் பேசும் இடமாக அந்த வியாழக்கிழமைகள் இருந்தன. வேலை கொடுத்தவர் சம்பளம் பிடித்துக்கொண்ட கதையும், அடிக்கிற புருஷனின் கதையும் அந்தச் சட்டியடியில்தான் வெளிவந்தன.

இரண்டாவது பதில்: "சடங்கு எண்டால் சில முறை இருக்குத்தானே. அவ சாதியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே, சுமங்கலி எண்டுதானே சொன்னவ." இதைச் சொன்னவர் நல்ல மனிதர். ஆனால் இங்கேதான் எமது சமூகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. 'எந்த இடம்' என்ற கேள்விக்குக் கிடைத்த பதில், 'சுமங்கலி' என்ற சொல்லின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சாதியைச் சத்தமாகச் சொல்ல இன்று வெட்கப்படுகிறோம். விதவை என்று சொல்ல வெட்கப்படவில்லை. இந்த யுத்தம் எத்தனை ஆயிரம் பெண்களை விதவைகளாக்கியது என்பதை மேடையில் கண்ணீரோடு சொல்லும் நாம், குசினியில் அதே காரணத்தைச் சொல்லி ஒருத்தியை மூலையில் இருத்துகிறோம். சாதியை நியாயப்படுத்த ஒருவர் இல்லாத அவையில் ஆணாதிக்கம் அதற்குப் பிணை நின்றது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று கட்டுரைகளில் எழுதுவோம். அன்று நான் அதைக் கண்ணால் கண்டேன்.

பெரிய மாமியைக் கொடுமைக்காரியாகக் காட்டுவது என் நோக்கமல்ல. அவர் தனக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார். கேள்வி அவரைப் பற்றியதல்ல. அங்கிருந்த எங்கள் பதினான்கு பேரைப் பற்றியது. எல்லோரும் அக்காவிடம் பதம் பழகியவர்கள். ஒருவர் எழுந்து "மாமி, இஞ்சை எண்ணெய் அக்காதான் வைக்கிறவ" என்று சொல்லியிருந்தால் போதும். சண்டை கூட வந்திருக்காது. பெரிய மாமி விருந்தாளி; எங்கள் வழக்கம் இது என்று அறிந்திருப்பார். நான் சொல்லாததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், இது பெண்களின் விடயம் என்பது. மாவரிக்கும்போது அது பெண்களின் விடயமாகத் தெரியவில்லை. வாய் திறக்க வேண்டி வந்தபோது மட்டும் அப்படித் தெரிந்தது.

இரண்டு கிழமை கழித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கலியாணம் நல்லபடி நடந்ததைப் பற்றிப் பேசினோம். பயற்றம் பணியாரம் எண்ணெய் குடித்துவிட்டது என்று அவரே சொன்னார். சட்டி சரியாகச் சூடேற முன்னர் போட்டுவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது கையால் மறித்துவிட்டுக் கேட்டார்:

"நீங்களும் அங்கைதானே இருந்தனீங்கள்?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் இருக்கவில்லை.

இந்த வருட முடிவில் என் மகனின் கலியாணம். இன்றைய பிள்ளைகளுக்கு விருப்பமில்லாவிட்டாலும் பலகாரம் வீட்டில்தான் சுடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை பிற்பகல். எண்ணெய் வைக்க வரும்படி அக்காவை இப்போதே கேட்டிருக்கிறேன். "பாப்பம்" என்றார். அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. மறுத்தால் எனக்கு அது தண்டனையும்கூட. அழைப்புச் சொல்லும்போது எல்லோரிடமும் ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்லப் போகிறேன்: எங்கள் குசினியில் எண்ணெய் வைப்பது பதம் தெரிந்தவர். 'எந்த இடம்' என்று அங்கே யாராவது கேட்டால் அதற்குச் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டியது நான்தான், அக்கா அல்ல.

பாரிஸ், ரொறொன்ரோ, லண்டன், ஒஸ்லோ நகரங்களில் எமது கலியாண வீடுகளின் அடுப்படியில் என்ன நடக்கிறது என்பதை அங்குள்ள நண்பர்கள் எழுத வேண்டும். குறிப்பாக, வெங்காயம் உரிக்க அனுப்பப்பட்டவர்கள் எழுத வேண்டும். அருகில் அரிதட்டோடு இருந்தவர்கள் எழுதுவது இதுவரை போதும்.